தவிட்டு விலை

கிட்ட வந்து உட்காருங்க தாயி. இந்த ரயில் போடுகிற சத்தத்தில் நான் சொல்வது பாதி உங்களுக்கு வரும், பாதி ஜன்னல் வழியாகப் போய்விடும். ஜன்னலுக்குக் கொடுக்கிற கதை இல்லை இது. உங்ககூட வந்த தம்பிமாரும் கேட்கட்டும். ரெண்டு பேரும் தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறதைப் பார்த்துப் பட்டாளமோ என்று நினைத்தேன். இல்லையா? சரி, இல்லையென்றால் இல்லை.

வயசான மனுஷன், மடியில் ஒரு பைத் தவிட்டை வைத்துக்கொண்டு வடக்கே எங்கே போகிறீர் என்று கேட்டீங்க. நியாயமான கேள்வி. எருமையா கூட வருகிறது? எல்லாம் ஒருத்தியால் வந்தது. அவள் பேர் தவிட்டம்மா. மதுரையில் காலேஜில் படிக்கிறாள். என் மகள். பெற்ற மகள் இல்லை, வாங்கின மகள். என்ன விலைக்கு என்று கேளுங்க. ஒரு படித் தவிட்டுக்கு.

சிரிக்காதீங்க. எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரம். மழை வந்தால் அது ஊர், வராவிட்டால் வெறும் கல். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து பிறந்து தங்காமல் போனால், அடுத்துப் பிறக்கிற பிள்ளையை விற்றுவிடுவார்கள். சுளகில், அதுதான் முறத்தில், போட்டுப் பேச்சியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், கைராசிக்காரன் எவனுக்காவது தவிட்டுக்கு விற்பார்கள். சாவு வந்து வாசலில் நின்று, எங்கே இந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், 'இது எங்க பிள்ளை இல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளை' என்று சொல்லி அனுப்பலாம் இல்லையா. அதற்காக.

விற்ற பிறகும் பிள்ளை தாய் வீட்டிலேயேதான் பால் குடிக்கும், வளரும். ஆனால் காது குத்துவதா, கல்யாணமா, ஊரெல்லை தாண்டுவதா, எதுவானாலும் வாங்கினவனைக் கேட்காமல் செய்யக்கூடாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாங்கினவன் வீட்டில் ஒரு வாய்ச் சோறு உண்டு. இன்னொன்றும் உண்டு. வாங்கின பிள்ளையை வாங்கினவன் வேறொருத்தனுக்குக் கைமாற்றிவிட்டால், கைமாற்றினவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது. பேச்சி விடமாட்டாள். மற்ற விஷயத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பாள். பிள்ளைகள் விஷயத்தில் அவளுக்கு விளையாட்டுக் கிடையாது.

எங்கள் தெருவில் சின்னாண்டி என்று ஒருத்தன். அவனுக்குப் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. இவள் பிறந்ததும் சுளகில் போட்டுக் கொண்டுவந்து, "ஒச்சுக்காளையண்ணே, நீ வாங்கிக்கண்ணே" என்றான். ஒச்சுக்காளை நான்தான். என் வீட்டில் பிறந்ததெல்லாம் தங்கினது. நான் நட்ட முருங்கை ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. அப்படிப்பட்ட கை. ஒரு படித் தவிட்டை அளந்து போட்டு வாங்கினேன். பாருங்க, தங்கினாள். தங்கினது மட்டுமா, என் உயிரை வாங்குகிற அளவுக்கு வளர்ந்தாள்.

மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தவிட்டு விலை என்பது பெரியவர்கள் சொல்கிற ஒரு பேச்சு. இவளுக்கு மட்டும் அது நிஜம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பேச்சி கோயிலுக்குப் போவாள். அம்மன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏத்தா, எதுக்கு என்னை மட்டும் வச்சுக்கிட்ட? எங்க அண்ணன் அக்காவெல்லாம் போயிட்டாங்கல்ல, என்னை எதுக்கு வித்துக் காப்பாத்தின? ஏதாச்சும் வேலை வச்சிருக்கியா?" என்று கேட்பாள். சண்டைக்காரி கேட்கிற மாதிரி கேட்பாள். ஒரு நாள் நான் அந்த வழியாகப் போனவன், "பேச்சி என்னத்தா சொன்னா?" என்றேன்.

"இன்னும் சொல்லலய்யா. யோசிக்கிறா" என்றாள்.

என் தொழிலைச் சொல்லவில்லையே. முறுக்கு ஒச்சுக்காளை என்று கேட்டால் பஸ்காரன் எங்கள் ஊரில் இறக்கிவிடுவான். நான் முறுக்குச் சுட்டது கிடையாது. சுடுகிற கம்பெனி வடக்கே இருக்கிறது, இப்போது நாம் போகிற ஊரில்தான். நீங்களும் அங்கேதான் இறங்கணுமா? நல்லதாய்ப் போயிற்று. அந்தக் கம்பெனிக்குப் பிள்ளைகள் வேணும். சின்ன விரலுக்குத்தான் முறுக்குச் சுற்ற வரும். எங்கள் ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள், சோறு இல்லை. அங்கே சோறு இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. நடுவில் ஒரு மனுஷன் வேண்டாமா? சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தாய் தகப்பனுக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளைகளை ரயிலேற்றிக் கொண்டுபோய் விடுவேன். நான் புண்ணியம் என்று சொல்லமாட்டேன். ஊரில் சிலர் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை.

நல்ல கம்பெனி தாயி. மூன்று வேளைச் சோறு. எந்நேரமும் அடுப்புப் பக்கத்திலேயே வேலை என்பதால் குளிர் தெரியாது. வெளிக்கதவை எப்போதும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். பாஷை தெரியாத ஊரில் பிள்ளைகள் தொலைந்து போகக்கூடாதே. அவ்வளவு அக்கறை. வாசலா? முன்னால் ஒன்று. பின்னால் மாட்டுக் கொட்டகை வழியாக ஒன்று, அது சந்துக்குள் போய்த் திறக்கும். முறுக்கு வாங்கணும் என்றால் முன்வாசலில் போங்க, பின்வாசலில் கொடுக்கமாட்டார்கள்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆங், தவிட்டம்மா. அவளுக்குப் பத்து வயசு இருக்கும். சின்னாண்டி ஒரு நாள் காலையில் வந்து வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அண்ணே, இந்த வருஷம் தவிட்டம்மாவையும் கூட்டிட்டுப் போயிருண்ணே. வீட்ல ஒண்ணுமில்ல" என்றான்.

எனக்கு வந்தது பாருங்க கோபம்! தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முதுகில் ஒரு வீசு வீசினேன். "என் பிள்ளையையாடா கேக்குற? அந்த அனல்ல கொண்டுபோயா என் பிள்ளையை உட்கார வைக்கச் சொல்ற? கை வெந்து போச்சுன்னா எவன்டா கட்டுவான்? பேச்சிக்கு யாரு பதில் சொல்றது? போடா, அவ படிக்கட்டும். நோட்டுப் புத்தகத்துக்கு நான் பொறுப்பு" என்றேன். அதே வருஷம் சின்னாண்டியின் தம்பி மகளைக் கூட்டிக்கொண்டு போனேன், அது வேறு விஷயம்.

தவிட்டம்மா தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். கேட்டதில் தப்பில்லை. பிள்ளை என்றால் கேட்கத்தான் செய்யும். அதை மறக்காமல் வைத்துக்கொண்டாள் பாருங்க, அதுதான் தப்பு. அன்றைக்குச் சாயங்காலம் கோயிலிலிருந்து ஓடிவந்து, "அய்யா, பேச்சி சொல்லிட்டா" என்றாள்.

"என்னத்தா சொன்னா?"

"சொல்லமாட்டேன். வளந்தப்புறம் சொல்றேன்."

படித்தாள். நன்றாகவே படித்தாள். வாத்தியாரம்மா ஒருத்தர், "தவிட்டம்மாங்கிற பேரை மாத்திக்கோ, காலேஜுக்குப் போனா கேலி பண்ணுவாங்க" என்றார். "விலை போட்ட பேரு டீச்சர், மாத்துனா யாரு வாங்கினதுன்னு தெரியாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டாள். காலேஜில் சேர்க்க நான்தான் கூடப் போனேன். சின்னாண்டிக்குச் சட்டை இல்லை, எனக்கு இருந்தது. அங்கே சமூகப்பணி என்று ஒரு படிப்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா, "எதுக்கு இந்தப் படிப்பு எடுக்கிறே?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ப் பேச்சிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு மேடம். அவளால தனியாப் பார்க்க முடியல" என்றாள்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். "அய்யா என்ன தொழில் பண்றீங்க?" என்றார். "பிள்ளைகளை நல்ல இடத்துல சேர்க்கிறது" என்றேன். அந்தம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். "அப்ப அப்பா வழியிலதான் மகளும்" என்றார். தவிட்டம்மா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் என் கஷ்ட காலம். முதல் லீவுக்கு வந்தபோது கூடப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஊர்ப் பொதுவில் நாடகம் போட்டாள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிற ஒரு கெட்டவன், பெரிய மீசை. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குத்தான் மீசை கிடையாதே. இரண்டாவது லீவுக்கு எங்கிருந்தோ ஆபீசர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வருகிற சேதி எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போக வைத்திருந்த பிள்ளைகளை எல்லாம் தலைசீவி, பவுடர் போட்டு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். பள்ளிக்கூடம் அப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. டீச்சரம்மா கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆபீசர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பஸ் ஏறுகிறபோது தவிட்டம்மா என்னிடம், "அய்யா, ஒரு நாள் உக்காந்தவங்க தினம் உக்காந்தா என்னய்யா?" என்று கேட்டாள்.

"தினம் யாருத்தா பவுடர் போடுறது?" என்றேன்.

கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளிடத்தில் பயப்பட வேண்டிய விஷயம். கோபித்துக்கொண்டால் இரண்டு வார்த்தை பேசி முடித்துவிடலாம். இவள் நேரே கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

இந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு வந்தாள். நாடகம் இல்லை, ஆபீசர் இல்லை. மஞ்சள் சேலை கட்டிப் பேச்சிக்கு விரதம். வீடு வீடாகப் போய்த் தாய்மார்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்த மட்டில் படிப்பு ஏறி அடங்கிவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். பொங்கலுக்கு முந்தின நாள் என்னிடம் வந்து காலடியில் உட்கார்ந்தாள்.

"அய்யா, ஊர்ல பிள்ளைங்களுக்கு மாத்தி மாத்திக் காய்ச்சல். தாய்மாரெல்லாம் பயந்து போய்க் கிடக்காங்க. எல்லாப் பிள்ளையையும் பேச்சி முன்னாடி தவிட்டுக்கு வித்துரலாம்னு பேசிக்கிட்டாங்க."

"நல்லதுதானேத்தா."

"வாங்குறதுக்குக் கைராசிக்காரங்க வேணும்ல. மேலத்தெரு சீனிக்காளை வாங்குறேங்கிறாரு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. "யாரு? சீனிக்காளையா? அவன் கையா? அவன் வச்ச தென்னை பட்டுப்போச்சு. அவன் வளத்த சேவல் கழுத்துத் திருகிச் செத்துச்சு. அவன் கையில பச்சப் பிள்ளைகளைக் குடுக்கவா?"

"நானும் அதைத்தான் சொன்னேன். எங்கய்யா கைக்கு நானே சாட்சின்னேன். ஆனா உங்களை எப்படிக் கேக்குறதுன்னு தாய்மாருக்குக் கூச்சம். நிறையத் தவிடு வேற வேணும்…"

"தவிடு கிடக்கு மூட்டை மூட்டையா! எருமை ஒரு மாசம் புல்லுத் தின்னட்டும்!" என்றேன்.

என் வீட்டுக்காரி பின்னியக்கா அடுப்படியிலிருந்து, "எருமையைக் கேட்டீகளா?" என்றாள். அவளுக்கு எப்போதும் ஒரு வார்த்தை அதிகம்.

மறுநாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. கோயில் முன்னால் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் என் தவிட்டு மூட்டைகள். எதிரே வரிசை. ஒவ்வொரு தாயும் சுளகில் பிள்ளையை உட்கார வைத்து, பெரிய பிள்ளை என்றால் சுளகைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பூசாரி கேட்பார்:

"வித்தது யாரு?"

"நான் வித்தேன்" என்பாள் தாய்.

"வாங்கினது யாரு?"

"நான் வாங்கினேன்."

"இனி இது யாரு பிள்ளை?"

"பேச்சி சாட்சியா என் பிள்ளை!"

கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். சீனிக்காளை வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். ஒவ்வொரு பிள்ளையும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டது. ஊரே என்னை அய்யா என்றது. தவிட்டம்மா பக்கத்தில் நின்று படியில் அளந்து அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் செத்திருந்தால்கூடச் சந்தோஷமாகச் செத்திருப்பேன்.

வரிசை முடிகிற இடத்தில் மொக்கத்தாய் வந்தாள். புருஷன் இல்லாதவள். அவள் மகன் சுருளி போன வருஷம் என்னோடு வந்தவன். துறுதுறுப்பான பயல். இதே மாதிரி ரயிலில், என் மடியில் தலைவைத்துத்தான் தூங்கிக்கொண்டு வந்தான். தைப்பொங்கல் வரைக்கும் போனில் பேசினான். அதற்கப்புறம் பேச்சில்லை. அவள் கேட்கிறபோதெல்லாம், "வளர்ற கம்பெனித்தா, நேரம் கிடைக்காது" என்று சொல்லி அனுப்புவேன்.

மொக்கத்தாயின் சுளகில் பிள்ளை இல்லை. ஒரு பள்ளிக்கூடச் சட்டை. நீலச் சட்டை, காலரில் கிழிசல், மடித்து வைத்திருந்தாள்.

பூசாரி என்னைப் பார்த்தார். நான் பூசாரியைப் பார்த்தேன். "பிள்ளை எங்கத்தா?" என்றேன், கேட்கக்கூடாத கேள்வியை.

மொக்கத்தாய் சட்டையை நீவிவிட்டாள். தவிட்டம்மாதான் சொன்னாள், "எங்கே இருந்தாலும் பிள்ளை பிள்ளைதானேய்யா. பேச்சிக்குத் தூரம் உண்டா?"

அம்மனுக்கு முன்னால் உண்டு என்றா சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க. வாங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் வரிசை முடியவில்லை, திரும்ப நீண்டிருக்கிறது. எல்லாச் சுளகிலும் சட்டை, பாவாடை, ஒரு சுளகில் வெறும் அரைஞாண் கயிறு. நான் கொண்டுபோய் விட்ட பிள்ளைகள் அத்தனைக்கும். எல்லாவற்றுக்கும் "என் பிள்ளை, என் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே போனேன்.   துணியெல்லாம் சேர்ந்து என் மடியில் கிடந்தது. எடையே இல்லை தாயி. பிள்ளை என்றால் கனக்கும் இல்லையா? இது எடையே இல்லை.

சித்திரை பிறந்தது. வழக்கம்போல முன்பணத்தோடு கிளம்பினேன். முதல் வீட்டிலேயே அந்தப் பெண், "எங்களை எதுக்குக் கேக்குறீங்க அய்யா? பிள்ளை உங்க பிள்ளை. கூட்டிட்டுப் போறதும் போகாததும் உங்க இஷ்டம்" என்றாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அடுத்த வீட்டிலும் அதே மரியாதை. மூன்றாவது வீட்டில் கிழவன் ஒருத்தன், "ஒச்சுக்காளை, அந்தக் காலத்துல சின்னாண்டியைத் துண்டால அடிச்சியாமே, என் பிள்ளையை அந்த அனல்ல உட்கார வைக்கமாட்டேன்னு? தவிட்டம்மா சொல்லுச்சு. மனுஷன்னா நீதான்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் தாயி எனக்கு உறைத்தது. வாங்கின பிள்ளையைக் கைமாற்றினால் என் வீட்டுக்கு ஆகாது. என் மகன் வீட்டில் பேரன் ஒருத்தன் இப்போதுதான் நடை பழகுகிறான். நடுத்தெருவில் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வாங்க ஊரில் ஒரு பிள்ளை பாக்கி இல்லை. எல்லாம் என் பிள்ளை. என் தவிட்டைக் கொண்டே என் தொழிலை வாங்கிவிட்டாள்.

நேரே அவளிடம் போனேன். "ஏத்தா, இதையா பேச்சி சொன்னா?"

"பேச்சி எங்கே சொன்னா? நீங்கதான் சொன்னீங்க. அன்னைக்குத் தண்ணிப் பானைக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். பேச்சிகிட்ட வந்து, 'எங்கய்யா வாங்கின பிள்ளையை அனுப்பமாட்டாராம், அப்ப எல்லாப் பிள்ளையையும் வாங்க வச்சிருவோமா'ன்னு கேட்டேன். பல்லி சத்தம் குடுத்துச்சு."

ஒரு பல்லியால் கெட்டேன்.

அது போகட்டும் என்றால், வெள்ளிக்கிழமை வந்தது. வாங்கினவன் வீட்டில் ஒரு வாய்ச் சோறு என்று சொன்னேனே. வாசல் கொள்ளவில்லை. பின்னியக்கா கல்யாண வீட்டு அண்டாவை இரவல் வாங்கினாள். வைகிறாள், கிளறுகிறாள், வைகிறாள், பரிமாறுகிறாள். "பெத்தது அஞ்சுன்னு நிம்மதியா இருந்தேனே, இந்த மனுஷன் ஊரையே பெத்துட்டாரே!" என்கிறாள். அடுத்த வியாழக்கிழமை அவளே அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். 

மொக்கத்தாயும் வந்தாள். பந்தியில் ஓரமாக ஓர் இலையைப் போட்டு, அதற்கு முன்னால் உட்காராமல், பிள்ளைக்கு இடம் விட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். "என் வயித்துக்கு வரலண்ணே. உங்க பிள்ளை சுருளி பங்குக்கு வந்தேன். சோத்தை வைங்க" என்றாள். பின்னியக்கா வைத்தாள். குழம்பு ஊற்றினாள். எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டு எழுந்துவிட்டது, அந்த இலை அப்படியே கிடந்தது. ஈ மொய்க்கிறது, மொக்கத்தாய் விசிறிக்கொண்டிருக்கிறாள். மற்ற இலையெல்லாம் எடுத்தாயிற்று. "அதையும் எடு" என்றேன். பின்னியக்கா, "நீங்க எடுங்க. எனக்குக் கை வரல" என்றாள்.

எனக்கும் இடுப்புப் பிடிப்பு, குனிய முடியவில்லை. மாடு வந்து தின்றது.

கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கத்து ஆள்தான், வடக்கே போய்ப் பெரிய ஆளாகிவிட்டவன். "என் பிள்ளை சுருளிகிட்ட போனைக் குடுங்க" என்றேன். "உனக்கு ஏதுய்யா இங்க பிள்ளை? புதுப் பிள்ளைகளை எப்ப அனுப்புவே, அதைச் சொல்லு" என்றான். "என் பிள்ளைகளையெல்லாம் ஊருக்கு அனுப்பிவைங்க, வெள்ளிக்கிழமைக்குச் சோறு வைக்கணும்" என்றேன். வைத்துவிட்டான். திருப்பிப் போட்டால் எடுக்கவில்லை. அவன் நல்லவன்தான் தாயி. போனில் ஏதோ கோளாறு. ஆனால் ஊரறியப் பிள்ளை வாங்கினவனைப் பார்த்து உனக்கு ஏது பிள்ளை என்று கேட்டால், மனுஷனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? சீனிக்காளை காதில் விழுந்தால் என்ன ஆகும்? அதனால்தான் கிளம்பிவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

அங்கே பிள்ளைகள் எந்த இடத்தில் படுப்பார்களா? மாடியில் மாவு மூட்டை வைக்கிற அறை. சாவி முதலாளியின் மச்சான் இடுப்பில் இருக்கும். தம்பி, அந்தப் போனை என்னத்துக்கு என் வாய்கிட்டேயே பிடிக்கிறீங்க, கை வலிக்காதா? சரி, பிடிச்சுக்கங்க. நம்ம பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து ஒருத்தர் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

ஸ்டேஷனுக்குத் தவிட்டம்மா வந்திருந்தாள். இந்தப் பையை அவள்தான் கொடுத்தாள். "அய்யா, இது பேச்சி கோயில்ல மிஞ்சின தவிடு. முதலாளி தரமாட்டேன்னா இதைக் குடுங்க. பேச்சி சந்நிதியில பிள்ளைக்கு இதுதான் விலை."

"அவன் வாங்கிக்குவானாத்தா?"

"வாங்கிக்க மாட்டான்னா வேற வழி இருக்கு."

"என்ன வழி?"

சிரித்தாள். பத்து வயசில் 'சொல்லமாட்டேன்' என்று சிரித்த அதே சிரிப்பு.  குனிந்து என் காலைத் தொட்டாள். எப்போதும் தொடுகிறவள்தான், இந்தத் தடவை எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. "அய்யா, வழியில யார் என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லணும். மறைச்சீங்கன்னா பிள்ளைங்க மட்டும் வருவாங்க, நீங்க வரமாட்டீங்க. சொன்னீங்கன்னா சேர்ந்து வருவீங்க. என் மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். ரயிலில் யார் என்னிடம் என்னத்தைக் கேட்கப் போகிறார்கள்?

என் சீட்டு அடுத்த பெட்டியில்தான். ஜன்னலோரம். நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கிளம்ப மணியடிக்கிற நேரத்தில் இறங்கிப் போனவள் திரும்ப ஏறிவந்து, "வாங்கய்யா, அங்க காத்து வராது" என்று என் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து, இதோ, இந்த இடத்தில், உங்களுக்கும் அந்த ரெண்டு தம்பிமாருக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டு, தவிட்டுப் பையை என் மடியில் வைத்து, இறங்கிப் போனாள்.